கூரை கேட்காத பூ

இந்தக் காலத்து ஆட்களுக்கு ஒரு பொருளைக் கண்டால் இரண்டே காரியம்தான் செய்யத் தெரியும். விற்பார்கள். விற்க முடியாவிட்டால் கும்பிடுவார்கள். சும்மா விடுவது என்று ஒன்று இருக்கிறதே, அது எவனுக்கும் தெரியாது. பூ பார்க்க வருகிறவன் பூவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று தன் மூஞ்சியைப் படம் எடுக்கிறான். "பூவைப் பாத்தியாடா?" என்று கேட்டால், "எடுத்துட்டேன் மாமா, வீட்டுக்குப் போய்ப் பாக்கணும்" என்கிறான். அதற்கு எதற்கு என் தோட்டத்துக்குள் வந்து அட்டைக்கடி வாங்க வேண்டும்?

கித்துள் மரம் ஏறிப் பதநீர் இறக்குவதும், அதைக் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுவதும், வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டுத் தேயிலையும் என் பிழைப்பு. தேயிலை முடிகிற இடத்தில் ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் காடு. ஓடையின் அக்கரையில், ஆனாலும் என் எல்லைக்குள், ஒரு பெரிய ஹொர மரம் நிற்கிறது. அந்த மரத்தின் இடுப்பில்தான் எங்கள் ஊரின் கடைசி வெசாக் பூக்கொடி தொங்கிக்கொண்டிருந்தது.

கொடி என்று சொல்வது ஒரு பேச்சுக்கு. எலிவால் மாதிரி தண்டுகள் பட்டையைப் பிடித்துக்கொண்டு கீழ்நோக்கித் தொங்கும். பதினோரு மாதம் பார்த்தால் யாரோ கிழித்துப்போட்ட பழங்கயிறு என்றுதான் தோன்றும். வெசாக் மாதம் வந்ததும் நுனியில் பூ விடும். ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்த நிறம், தொண்டைக்குள் மட்டும் கறுத்த சிவப்பு. முன்பு ஓடை நெடுக மரத்துக்கு மரம் கிடந்தது. புத்தர் பிறந்த பௌர்ணமியான வெசாக் அன்று விகாரைக்குப் போகிற எல்லார் தட்டிலும் இருந்தது. அப்புறம் வேன்கள் வந்தன. வீட்டில் தொங்கவிட அழகாக இருக்கிறது என்று கேட்டார்கள். நம்ம ஆட்கள் காலிலிருந்து அட்டையைப் பிய்ப்பதுபோல் மரத்திலிருந்து உரித்து ரோட்டோரம் அடுக்கினார்கள். ஆராய்ச்சி என்று சொல்லிக்கொண்டும் சிலர் வந்தார்கள். அவர்களும் உரித்துக்கொண்டுதான் போனார்கள். கொண்டுபோனவர்கள் வீட்டில் ஒன்றாவது பூத்ததா என்று எவனும் வந்து சொல்லவில்லை.

என் மரத்தில் இருந்தது தப்பியதற்குக் காரணம் என் வாய். என் தோட்டத்துக்குள் கேட்காமல் கால் வைத்தவனை அவன் பாட்டன் பெயர் முதற்கொண்டு சொல்லித் திட்டுவேன். ஊரில் என் பெயர் ரன்ஹாமி. முதுகுக்குப் பின்னால் சொல்கிற பெயர் வேறு.

வெசாக் காலையில் விகாரையில் புத்தர் முன்னால் வைக்கிற முதல் பூ எங்கள் வீட்டிலிருந்துதான் போகும். என் அம்மா கொண்டுபோனாள். அப்புறம் என் மனைவி யசவதி. விடியும் முன்பே குளித்து வெள்ளை உடுத்தி, பூவைத் தட்டில் வைத்து, மூக்குக்குத் தூரமாகப் பிடித்துக்கொண்டு நடப்பாள். பூஜைக்குப் போகிற பூவை முகரக் கூடாது. அந்த ஒரு நாள் அவள் முகத்தில் ஒரு ராணிக்களை வரும்.

அப்படி ஒரு வெசாக்குக்குக் கொஞ்ச நாள் முன்னால் எங்கள் ஹாமதுரு ஒரு பெண்ணை அழைத்துக்கொண்டு என் வாசலுக்கு வந்தார். விகாரையின் பெரிய சாது அவர்தான், ஆனால் வயதில் என் மகன் மாதிரி. பெண்ணின் பெயர் இஷாரா. ஏதோ தோட்டக்கலை ஆபீஸில் வேலை. ஊரில் எல்லாரும் மிஸ் என்றார்கள்.

"மாமா, இந்த வருசம் அந்தப் பூவைப் பறிக்காம விடணும்," என்றாள்.

"யார் மரம்?"

"உங்க மரம்."

"யார் பூ?"

"உங்க பூதான் மாமா."

"அப்ப நீ யாரு சொல்றதுக்கு?"

"நான் சொல்லலையே, கெஞ்சறேன்," என்று சிரித்தாள். கெஞ்சுகிறவர்களை நான் அதிகம் நம்புவதில்லை. வேன்காரன்களும் முதலில் கெஞ்சத்தான் செய்தார்கள்.

பூவைப் பறித்துவிட்டால் காய் எப்படி வரும், காய் வராவிட்டால் விதை எப்படி வரும் என்று கேட்டாள். இத்தனை வருசமும் விகாரைக்கு ஒரு கொத்துதானே போயிற்று, மற்றது மரத்திலேயேதானே உதிர்ந்தது, ஏன் ஒரு காய்கூட வரவில்லை என்று நான் திருப்பிக் கேட்டேன். சுற்றுவட்டாரத்தில் வேறு செடி இல்லாததால் தேனீக்கு இங்கே வேலை இல்லை, தனியாக நின்று பூத்து வாடுகிறது என்றாள். ஆற்றுக்கு அப்பால் ஒரு காட்டில் இன்னொரு செடி இருக்கிறதாம். அதன் மகரந்தத்தைக் கொண்டுவந்திருக்கிறாளாம். பையிலிருந்து சுண்டுவிரல் அளவுக் குப்பி ஒன்றை எடுத்துக் காட்டினாள்.

"இது என்ன?"

"மாப்பிள்ளை," என்றாள்.

அந்த நேரம் பார்த்து வேலிக்கு அந்தப் பக்கம் சீலவதி நின்றுகொண்டிருந்தாள். என் மாமன் மகள். சின்ன வயதில் எனக்குக் கட்டிவைக்கப் பார்த்தார்கள், தப்பித்தேன். இப்போது விகாரைப் பெண்கள் சங்கத்துக்குத் தலைவி. அவள் மூக்கு நுழையாத வேலி எங்கள் ஊரில் கிடையாது.

"கல்யாணத்துக்கு அப்புறம் குப்பிக்குள்ள போற மாப்பிள்ளைங்களைத்தான் நான் பாத்திருக்கேன்," என்றாள் அவள். "குப்பிக்குள்ள இருந்து வர்ற மாப்பிள்ளை இதுதான் முதல் தடவை."

யசவதி மட்டும் சிரிக்கவில்லை. "வெசாக் அன்னிக்கு வெறும் தட்டோடயா நான் போவேன்?" என்று ஹாமதுருவைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

ஹாமதுரு சற்று யோசித்தார். "பறிக்காமலே பூஜை பண்ணலாமே. பூ நிற்கிற இடத்துக்குப் போய் மனசால ஒப்புக்கொடுங்க. புண்ணியம் குறையாது."

அவள் சம்மதித்துவிட்டாள். அவள் சம்மதித்தபின் நான் வேண்டாம் என்று சொல்லி அந்த வீட்டில் சோறு தின்ன முடியுமா?

இஷாரா ஏணி வைத்து ஏறி, ஒரு குச்சி நுனியால் பூவுக்குப் பூ ஏதோ தொட்டாள். அவள் விழுந்து பழி என் தலைக்கு வரக் கூடாது என்று நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் போன சில நாளில் தொட்ட பூவெல்லாம் துவண்டு தொங்கிற்று. "மாப்பிள்ளை சரியில்லை," என்றேன். ஆனால் அதில் இரண்டு பூ மட்டும் உதிராமல் காம்பு பருத்து நின்றது. பச்சை மிளகாய்க் குஞ்சு மாதிரி இரண்டு காய். என் வாழ்நாளில் அந்த மரத்தில் காய் பார்த்தது அப்போதுதான். அது பழுத்து வெடிக்க அடுத்த வெசாக் நெருங்கிவிடும், அதுவரை செடியை யாரும் தொடாமல் இருந்தால் போதும் என்று இஷாரா சொல்லிவிட்டுப் போயிருந்தாள். தொடாமல் இருந்தால் போதும். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

வெசாக் அன்று யசவதி வெள்ளை உடுத்தி, வெறும் தட்டை ஏந்திக்கொண்டு மரத்தடியில் நின்றாள். தூறல். பறவைச் சத்தம் கூட இல்லை. உதடு மட்டும் அசைந்தது. நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது.

கெடுத்தது ஹாமதுருவின் ஒலிபெருக்கி. சாயங்காலப் பிரசங்கத்தில் யசவதி செய்ததைப் புகழ்ந்து, "அந்த மரம் இருக்கிற இடமும் ஒரு சைத்தியம்தான், கும்பிட வேண்டிய தலம்தான்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். நல்ல மனசோடுதான் சொன்னார். மறுநாளே சீலவதி நாலு பெண்களோடு வந்து நின்றாள்.

"மச்சான், வேலியைத் திற."

"எதுக்கு?"

"பூஜைக்கு."

"பூவே உதிர்ந்துபோச்சு. காய்க்கா பூஜை?"

"உனக்கு எதுலதான் பக்தி இருந்திருக்கு! தள்ளு."

அடுத்த போயா பௌர்ணமிக்குள் என் ஓடைக்கரை என் ஓடைக்கரையாக இல்லை. உட்கார இடம் வேண்டும் என்று மரத்தைச் சுற்றி இருந்த புதரையெல்லாம் வெட்டினார்கள். போதி மரத்து முற்றம் மாதிரி வெள்ளை மணல் கொட்டினார்கள். நான் எதிர்த்தபோது யசவதியே, "மணல்தானே, விடுங்க" என்றாள். அவளுக்கும் உள்ளூரப் பெருமைதான். செடிக்கு நேர் கீழே தேங்காயெண்ணெய் விளக்குத்தட்டு வந்தது. செம்பு செம்பாகப் பாலும் சந்தனத் தண்ணீரும் ஊற்றினார்கள். எண்ணெய்ப் புகை ஏறி வேரெல்லாம் அடுப்புச் சட்டி மாதிரி கறுத்தது. பாலுக்கு எறும்பு வந்தது.

இதெல்லாம் போதாதென்று பொசொன் போயாவுக்குப் பெருமழை பிடித்துக்கொண்டது. சீலவதி குடையைப் பிடித்துக்கொண்டு மரத்தை அண்ணாந்து பார்த்து, "ஐயோ, நனையறாங்களே!" என்றாள். செடிக்கு அதற்குள் மரியாதை கூடி 'ங்க' போட ஆரம்பித்திருந்தார்கள்.

சந்தியில் கடை வைத்திருக்கும் பியதிலக்க உடனே நாலு தகரம் கொண்டுவந்தான். மரத்தில் ஆணி அடித்து, செடிக்கு மேலே அழகாக ஒரு கூரை போட்டுவிட்டான். விளிம்பில் சிவப்புப் பெயின்ட்டில் எழுத்து: பியதிலக்க குடும்பத்தாரின் புண்ணிய தானம். ஹாமதுருவை அழைத்துப் பிரித் மந்திரம் ஓதி, முறைப்படி ஒப்புக்கொடுத்தும் ஆகிவிட்டது. நான் அன்றைக்குக் கலவானைச் சந்தைக்குக் கருப்பட்டி கொண்டுபோயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் வேலை முடிந்து பாற்சோறு பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஒரு துண்டு வைத்திருந்தாள் சீலவதி.

மண்ணில் கால் வைக்காத செடி அது. காற்றில் வருவதையும் மழையில் வழிவதையும் குடித்துத்தான் உயிர் வாழ்கிறது. எங்கள் பக்கத்து மழை உங்களுக்குத் தெரியாது, தவளைக்கே அலுத்துப்போகும். அந்த மழைக்கு நடுவில், ஊரே ஊறிக் கிடக்கும்போது, அந்த ஒரு செடி மட்டும் தாகத்தில் சுருங்கிற்று. தண்டு சூம்பிற்று. இலை மஞ்சளாகிற்று. ஒரு நாள் காலையில் மணல்மேல் ஒரு காய் விழுந்து கிடந்தது. அதைச் சுற்றி எறும்பு. மிச்சம் ஒரே காய்.

நான் சுத்தியலை எடுத்துக்கொண்டு ஏணியைச் சாத்தினேன்.

"மச்சான், இறங்கு!" சீலவதி ஓடி வந்தாள். "ஒப்புக்கொடுத்த பொருளைத் தொட்டா அடுத்த பிறவியில பசிப்பேயாப் பிறப்பே!"

"இப்ப மட்டும் என்னவா இருக்கேன்?"

"அது உன்னோட தகரம் இல்லை. பூஜைத் தகரம்!"

யசவதி என் இடுப்புச் சாரத்தைப் பிடித்து இழுத்தாள். "வேண்டாங்க. தொடாதீங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்."

எனக்கு ஊரில் உள்ள எந்த மனுசன்மேலும் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் சொல்கிறேன், கை போகவில்லை. பூஜைக்கு வைத்த ஒரு வாடிய பூவைக்கூட நான் எடுத்ததில்லை, என் அப்பன் எடுத்ததில்லை. என் மரம்தான், என் எல்லைதான், என் சுத்தியல்தான். ஏணியில் அப்படியே நின்றேன். அப்புறம் இறங்கினேன். சீலவதி ஏதோ போர் ஜெயித்த மாதிரி மூச்சு விட்டாள்.

நேரே விகாரைக்குப் போனேன்.

"தகரத்தைக் கழட்டச் சொல்லுங்க," என்றேன்.

ஹாமதுரு தலையைச் சொறிந்தார். "பூஜை பண்ணினதைப் பிடுங்குன்னு நான் எப்படிச் சொல்றது ரன்ஹாமி? ஊர் மனசு நோகும்."

"செடி செத்தா?"

"எல்லாம் அநித்தியம்தானே."

"போன வருசம் விகாரைக் கூரை ஒழுகினப்ப வீடு வீடா வந்து ஓடு கேட்டீங்களே. அதுவும் அநித்தியம்னு விட்டிருக்கலாமே?"

அவருக்குச் சிரிப்பும் வந்தது, முகமும் சுருங்கிற்று. கோபப்படவில்லை. "நான் ஒரு வார்த்தை கூடுதலாப் பேசிட்டேன்," என்றார். அதை ஒலிபெருக்கியில் சொல்லியிருக்கலாம்.

அந்த வாரம் இஷாரா வந்தாள். தகரத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஏணியில் ஏறி, ஈரப்பஞ்சால் வேர் ஒவ்வொன்றையும் குழந்தைக்குக் காது துடைக்கிற மாதிரி துடைத்தாள். பஞ்சு கரிக்கட்டையாக வந்தது. கீழே பெண்கள் கூடி நின்றார்கள். அவள் அங்கிருந்தே அவர்களுக்கு எடுத்துச் சொன்னாள்: வேருக்கு மழை படணும், காற்று படணும், புகை கூடாது, பால் கூடாது.

"இந்த மழையில நனைஞ்சா சளி பிடிக்காதா மிஸ்?" என்றாள் ஒருத்தி.

"செடிக்கு எப்படிச் சளி பிடிக்கும்?"

"மிஸ், சயன்ஸ் வேற, பூஜை வேற," என்று சீலவதி முடித்துவிட்டாள்.

இஷாரா கீழே இறங்கி வந்து என் அடுப்படியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தாள். கருப்பட்டித் துண்டைக் கடிக்க மறந்து கையிலேயே வைத்திருந்தாள். "அந்த ஒரு காயும் போயிட்டா என்ன பண்றது மாமா? ஆற்றுக்கு அப்பால இருந்த செடியும் இப்ப இல்ல. போன மாசம் யாரோ உரிச்சிட்டாங்க. இனிமே மாப்பிள்ளைக்கு எங்க போறது?"

 யசவதி அடுப்பில் பதநீரைப் பாணியாகக் கிண்டிக்கொண்டிருந்தாள். கிண்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "நாம அன்னிக்கு ஆரண்யத்துக்குக் குடை கொண்டுபோனமே, ஞாபகம் இருக்குங்களா?"

எங்கள் ஊருக்கு மேலே காட்டுக்குள் ஒரு ஆரண்யம் இருக்கிறது. அங்கே ஒரு தவ ஹாமதுரு. கூரைக்குக் கீழே தங்குவதில்லை என்று விரதம் எடுத்தவர், மரத்தடியில்தான் வாசம். முறை வரும்போது சோற்றைக் கொண்டுபோய் எல்லைக் கல்லில் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். பக்கத்தில் போகக் கூடாது, பேசக் கூடாது. ஒரு மழைக்கு யசவதி மனசு கேட்காமல் சோற்றோடு ஒரு குடையும் வைத்தாள். மறுநாள் போனபோது பாத்திரம் காலியாக இருந்தது. குடை வைத்த இடத்திலேயே இருந்தது.

"அதுக்கும் இதுக்கும் என்ன?" என்றேன்.

அவள் மறுபடி கிண்ட ஆரம்பித்துவிட்டாள்.

எசல போயா வந்தது. விகாரை மண்டபத்தில் பெண்கள் வெள்ளை உடுத்தி விரதத்துக்கு உட்கார்ந்திருந்தார்கள். ஹாமதுரு முன்னால். நான் தூணுக்கு அந்தப் பக்கம், பியதிலக்கவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். பிரசங்கம் முடிந்து ஏதாவது கேட்கணுமா என்று ஹாமதுரு கேட்டபோது, என்றைக்கும் வாய் திறக்காத என் மனைவி எழுந்தாள்.

"சீலவதி அக்காகிட்ட ஒண்ணு கேக்கணும்."

"என்கிட்டயா? கேளு."

"ஆரண்யத்து ஹாமதுருவுக்கு நாம ஏன் தகரம் போட்டுக் குடுக்கலை?"

"அவர் எப்படி வாங்குவாரு? விரதம் கெட்டுப்போகாதா?"

"பக்கத்துல போய் விளக்கு வச்சா?"

"சிச்சீ. தியானம் கெடும். எல்லைக் கல்லைத் தாண்டினா பாவம்." சீலவதிக்கு விதிமுறை என்றால் உயிர். ஒவ்வொன்றாக விரலை மடக்கி எண்ண ஆரம்பித்துவிட்டாள்.

யசவதி பொறுமையாக முடிக்க விட்டாள். அப்புறம் சொன்னாள்: "நம்ம வெசாக் பூவும் மண்ணுல கால் வைக்கலை அக்கா. மரத்துலயே இருக்கு. யார்கிட்டயும் ஒண்ணும் கேக்கலை. மழையில என்ன விழுதோ அதைக் குடிச்சுக்கிட்டு இருக்கு. இது விகாரை ஹாமதுரு மாதிரியா, ஆரண்ய ஹாமதுரு மாதிரியா? நீங்கதான் சொல்லணும்."

 ஓட்டின்மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"மழைக்காலத்துல சாதுக்கள் கூரைக்குக் கீழ தங்கணும்னு இருக்கே," என்றான் பியதிலக்க, பின்னாலிருந்து. தகரம் அவனுடையது.

"ஹொர மரம் எவ்வளவு பெரிசு!" என்றாள் யசவதி. "அதுக்கு மேல எதுக்கு இன்னொரு கூரை?"

சீலவதியின் வாய் திறந்தபடி நின்றது. மெதுவாகக் கண் கலங்கிற்று. "அப்ப... இத்தனை நாளா நம்மளாலதான் அவங்க விரதம் கெட்டுக் கிடந்தாங்களா?"

"சாது, சாது, சாது," என்று ஆமோதித்தது ஒரு கிழக்குரல். அப்புறம் எல்லாக் குரலும்.

ஹாமதுரு இந்தத் தடவை வார்த்தையை அளந்து பேசினார். ஏற்கப்படாத தானத்தை இன்னொரு நல்ல காரியத்துக்கு மாற்றலாம், அதில் தோஷம் இல்லை என்றார். அன்று மத்தியானமே, மழையிலேயே, பியதிலக்க ஆணியைப் பிடுங்கினான். தகரம் நாலும் ஓடைக்கு இந்தப் பக்கம், பாதையோரம் வந்தது. அதன் கீழேதான் இனி விளக்கு. பெயர் எழுதிய பக்கத்தைப் பாதையைப் பார்த்து வைத்தான். "இங்கேயே முதல்லயே போட்டிருக்கலாம். நாலு பேர் கண்ணுல படுது," என்று அவனே சொல்லிக்கொண்டான். ஓடையில் ஒரு கல்லைப் புரட்டி வைத்து, அதுதான் எல்லை என்றார்கள். வெள்ளை மணலை மழை இரண்டு நாளில் அடித்துக்கொண்டு போயிற்று. புதர் தானாக வந்தது. அதற்கு யாரும் தானம் கொடுக்கவில்லை.

தகரம் போன அன்றே செடிமேல் மழை விழுந்தது. காய்ந்து வெளுத்துக் கிடந்த வேர் நனைந்ததும் பச்சையாக மாறியது. நான் பார்த்தேன்.

அப்புறம் சீலவதி இருக்கிறாளே! எந்தச் சீலவதி என் வேலியைத் திறக்கச் சொல்லி நின்றாளோ, அதே சீலவதி வேலியில் காவல் நின்றாள். போனைத் தூக்கிக்கொண்டு கல்லைத் தாண்டின ஒருவனை, "தியானத்துல இருக்காங்க, கண்ணு தெரியலையா?" என்று விரட்டினாள். நான் திட்டினால் வாசல் வரை போவான்கள். அவள் திட்டினால் பஸ் ஏறிவிடுவான்கள்.

அந்த ஒரே காய் கனத்தது. பழுக்கிற சமயத்தில் இஷாரா வந்து, மெல்லிய துணிப்பை ஒன்றை அதன்மேல் கட்டினாள். வெடிக்கும்போது காற்று முழுவதையும் அடித்துக்கொண்டு போகாமல் இருக்கவாம். ஒரு நாள் பையைப் பிரித்துக் காட்டினாள். உள்ளே மஞ்சள் தூள்.

"இதுதான் விதை மாமா."

"முகத்துக்குப் போடற பவுடரை நான் பாத்ததில்லைன்னு நினைச்சியா?"

பாதியை ஒரு தாளில் மடித்துத் தன் பையில் வைத்தாள். கண்ணாடிக் குப்பியில் முளைக்கவைப்பாளாம். மீதியை இன்னொரு தாளில் மடித்து என் கையில் வைத்தாள். "இது உங்க பங்கு. இந்தக் காத்துக்கும் இந்த மரங்களுக்கும்."

பங்கு கொடுத்துவிட்டுப் போகிற ஆராய்ச்சியை அன்றுதான் பார்த்தேன். என்றாலும் பெரிய பாதி அவளிடம் இருந்ததா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

அந்த வெசாக்குக்கு யசவதியின் தட்டு வெறுமையாக இல்லை. தாளைத் தட்டில் பிரித்து வைத்துக்கொண்டாள். அவளும் சீலவதியும் மட்டும் கல்லைத் தாண்டினார்கள், செருப்பைக் கழற்றிவிட்டு. மரத்துக்கு மரம் போய், தூளைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்து, பட்டையைப் பார்த்து ஊதினார்கள். ஊதும்போது முகர்ந்துவிடக் கூடாது என்று சீலவதி மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதினாள். பாதி அவள் முகத்திலேயே ஒட்டிற்று. ஹொர மரத்தில் செடி பூத்திருந்தது. எல்லாரும் ஓடைக்கு இந்தப் பக்கம் வெள்ளையும் சொள்ளையுமாக நின்று பார்த்தார்கள். தூசியை ஊதுகிறதுக்கா இவ்வளவு கூட்டம் என்று நான் கித்துள் மரத்தின் மேலிருந்து கேட்டேன். 

அப்புறம் சில மழைக்காலம் போயிற்று. ஒன்றும் முளைக்கவில்லை. இஷாரா இடையிடையே வந்து, குப்பிக்குள் பச்சையாக ஏதோ இருக்கிற படத்தைப் போனில் காட்டினாள். இதெல்லாம் நம்ம செடியின் பிள்ளைகள், கொஞ்சம் வளர்ந்ததும் கொண்டுவந்து கட்டலாம் என்றாள். படத்தில் எதையும் காட்டலாம். 

இந்த வெசாக்குக்கு முந்தின வாரம். நான் பதநீர் வாளியோடு இறங்கி வந்துகொண்டிருந்தேன். ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சீலவதி கையை ஆட்டினாள். அவளுக்கு இப்போது முழங்கால் வலி, கல்லைத் தாண்டவே யசவதி பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டு பேரும் ஒரு மரத்தடியில் நின்றார்கள். கூட இஷாரா, கையில் ஒரு பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு பட்டையோடு பட்டையாக முகத்தை வைத்திருந்தாள்.

"மச்சான், மெதுவா வா," என்று கிசுகிசுத்தாள் சீலவதி. சீலவதி கிசுகிசுத்து நான் கேட்டதே இல்லை.

பார்த்தேன். பட்டை வெடிப்பில், பாசிக்கு நடுவில், அரிசி மணி அளவில் பச்சை. அதிலிருந்து மயிர் மாதிரி ஒரு வெள்ளை வேர் பட்டையைப் பிடித்திருந்தது. சற்று மேலே இன்னொன்று.

"இதுதான் மாமா," என்றாள் இஷாரா.  "யாரும் கட்டலை. தானா வந்திருக்கு."

"நீயும் ஒரு விளக்கு ஏத்திடாதே," என்றேன் சீலவதியிடம்.

"ஏத்த மாட்டேன். மூச்சுகூட மெதுவாத்தான் விடறேன்."

யசவதி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "என்ன சொல்றீங்க?"

"பாசியா இருக்கும்."

"மாமா, பாசிக்கு இப்படி வேர் வராது!"

"வேற ஏதாவது களையா இருக்கும். இந்தக் காட்டுல எது எது மேல முளைக்கும்னு யார் கண்டா? பூக்கட்டும். பூத்தா ஒத்துக்கறேன்."

"அதுக்கு இன்னும் எத்தனை வருசம் ஆகுமோ," என்றாள் சீலவதி.

"நான் இருக்கேன்," என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்தேன். பதநீர் புளித்துக்கொண்டிருந்தது. பெண்கள் மூன்று பேரும் பின்னால் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை, கல்லைத் தாண்டி வீட்டுப் பக்கம் நடந்தேன். பாசியாகத்தான் இருக்கும்.